ஒரு நாள் ஒன்று, மறுநாள் அரை

தங்கப்பொண்ணுக்கு வந்திருப்பது என்ன என்று அந்த வீட்டில் இருளாயி ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவள் பேய் என்றாள்.

அது கொடிக்காலில் வைத்து நடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம். மதுரை ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து நாற்பது நாள் படுத்திருந்த தங்கப்பொண்ணு, அன்றைக்குத்தான் முதல்முதலாக வேலைக்கு இறங்கியிருந்தாள். வாடிப்பட்டிக்குத் தெற்கே பெரிய வாய்க்காலை ஒட்டிய வெற்றிலைக் கொடிக்கால் அது. அகத்தி மரங்கள் நெருக்கமாக நின்று வெயிலை வடிகட்டிவிடும். சித்திரை மாதத்தில்கூட உள்ளே நுழைந்தால் உடம்பு சிலிர்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து நூறு நூறு இலையாகக் கவுளி அடுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்தாள். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்து ஏறியது. ரவிக்கை கொக்கியைப் பிய்த்தாள். நாலு எட்டில் போய், வரிசைகளுக்கு நடுவே ஓடிய தண்ணீரில் இடுப்பளவுக்குச் சேலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

இலை கிள்ளிக்கொண்டிருந்த அழகம்மாள் ஏணியிலிருந்தே பார்த்தாள். கூலிக்கு வருகிறவள், ஊர் வாயெல்லாம் அவள் வாய்தான்.

"என்னக்கா இவ இப்புடிச் செய்யிறா?"

கேள்வி பக்கத்து வரிசையில் நின்ற இருளாயிக்கு. இரண்டு வருஷமாக அவளுக்கும் இதே தீதான். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் பரவி, காதுமடல் வரைக்கும் வந்து நின்று எரியும். அதுவரைக்கும் உலகத்தில் தன் உடம்பு ஒன்றுக்குத்தான் இந்தக் கேடு என்று நினைத்திருந்தாள். ஈரத்துண்டை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு, ஒருவரிடமும் மூச்சு விடாமல் காலத்தை ஓட்டினாள். தூக்கம் போய்விட்டது. கறிவேப்பிலை கிள்ளினால்கூட அழுகை வந்தது. இப்போது கண்ணெதிரே இன்னொருத்தி அதே தீயில் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வரையில எதையோ கூட்டியாந்துட்டா," என்றாள் இருளாயி. "புளியமரத்தடியில பஸ்ஸ விட்டு எறங்காதீகன்னு சொன்னேன். கேட்டாகளா?"

பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

இருளாயி அந்த வீட்டுக்கு மூத்தவள். இருபத்திரண்டு வயதில் தாலியறுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது தம்பி கண்ணுச்சாமிக்குப் பதினொரு வயசு. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, அவள்தான் அவனை வளர்த்து ஆளாக்கினாள். கொடிக்காலைக் குத்தகைக்குப் பிடித்ததும் அவள் யோசனைதான். வெற்றிலைக் கொடிக்குத் தீட்டு ஆகாது என்பார்கள். வீட்டுக்குத் தூரமான பெண்கள் வரப்பைக்கூட மிதிக்க மாட்டார்கள். மாசத்தில் நாலு நாள் தங்கப்பொண்ணு வெளியே நிற்பாள். இருளாயிக்குத் தூரம் நின்றுபோய் இரண்டு வருஷமாகியிருந்ததால் முப்பது நாளும் உள்ளே போனாள். அதில் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. எரிகிற உடம்புக்கு ஈடாகத் தெய்வம் கொடுத்த கூலி அது என்று நினைத்துக்கொள்வாள்.

தங்கப்பொண்ணுக்குப் பதினேழு வயதில் கண்ணுச்சாமியோடு கல்யாணம். மூன்று கரு தங்கிக் கலைந்தது. அப்புறம் கட்டி. மாசக்கணக்கில் ரத்தம் போய், வெளிறிப்போன நிலையில்தான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முப்பத்து நாலு வயசில் கர்ப்பப்பையோடு முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள்.

கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்தான். ஆறு மாசத்துக்கு முன்னால் வாய்க்காலில் விழுந்து செத்த ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவள்தான் பிடித்திருக்கிறாள் என்றான். வேப்பங்குழையால் அடித்தபோது தங்கப்பொண்ணு முதலில் கையை மட்டும் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணுச்சாமியைப் பார்த்து, "எனக்குப் பேயும் இல்ல பிசாசும் இல்ல. ஒடம்பு எரியுது. அம்புட்டுத்தேன்," என்றாள். அவன் எழுந்து குழையைப் பிடுங்கிப் போட்டான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனான். இருளாயியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வளர்த்த தம்பி அவளிடம் சொல்லாமல் வாசல்படி இறங்கியது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தங்கப்பொண்ணு ஒன்றுவிடாமல் வந்து சொன்னாள். அவளுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஒடம்புக்குள்ள ஒண்ணு ஊறிக்கிட்டே இருக்குமாம் மதினி. பையோட சேத்து அதையும் எடுத்துட்டதுனால சட்டுனு நின்னுபோச்சாம். வயசானா எல்லாருக்கும் நிக்குமாம், ஆனா பையப் பைய நிக்குமாம். எனக்கு ஒரே நாள்ல நின்னதுனாலதேன் இம்புட்டுக் கொடுமையாம். அத மாத்திரையில குடுக்காக."

மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்த இருளாயி தலை நிமிரவில்லை. "நின்னது நின்னதுதேன். மாத்திரையில என்னத்த வரும்?"

ஆனால் வந்தது. உடனே வரவில்லை. முதல் மாசம் அரை அரை மாத்திரை, எரிச்சல் அடங்கவில்லை. அடுத்த மாசம் முழு மாத்திரை. எரிச்சல் போய் வாந்தி வந்தது, மார் கட்டிக்கொண்டு வலித்தது. மறுபடி போனார்கள். ஊருக்கெல்லாம் ஒரே அளவில் ரவிக்கை தைக்க முடியுமா, உன் உடம்புக்கு உன் அளவைக் கண்டுபிடிக்க நாலு மாசம் ஆகும், பொறுத்துக்கொள் என்று டாக்டரம்மா சொன்னாராம். கடைசியில் ஒரு நாள் ஒன்று, மறுநாள் அரை என்று கணக்கு நின்றது. தங்கப்பொண்ணுக்கு எழுத்து தெரியாது. அடுப்புக்கரியால் சுவரில் ஒரு நாள் நெட்டைக் கோடும் மறுநாள் குட்டைக் கோடும் போட்டு வைத்தாள்.

ஆடி பிறந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். கம்மங்கூழும் கருவாடும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். காலையில் கண்ணுச்சாமி ஏதோ சொல்ல அவள் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. கொடிக்காலில் ஏணி ஏறினால் மத்தியானம் வரைக்கும் இறங்கமாட்டாள். இப்போது அவளுக்கும் தூரம் கிடையாது. முப்பது நாளும் உள்ளே போகலாம்.

"அக்கா, நீ மாட்டப் பாத்துக்க," என்றான் கண்ணுச்சாமி ஒருநாள். "ஏணியில ஏறி எறங்கிக் கஷ்டப்படாத. அவ பாத்துக்குவா."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். இருளாயி மாட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் போனாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பாளோ என்னவோ. ஒருநாள் இரண்டு பேரும் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது இருளாயிக்குத் தீ ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கப்பொண்ணு பார்த்துவிட்டாள்.

"மதினி, ஒங்களுக்கும் இதுதானா?"

"எது?"

"எனக்கு வந்துச்சே, அது. எம்புட்டு நாளா இருக்கு? சொல்லவே இல்லையே நீங்க. வாரமாசம் எங்கூட வாங்க. டாக்டரம்மா நல்லவுக. ஒங்களுக்கும் அளவு பாத்துக் குடுப்பாக."

அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. இருளாயிக்கு அது உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் தனியாக எரிந்ததை, வயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஒருத்தி நாலு மாசத்தில் கடந்துபோய், அக்கரையில் நின்று கை நீட்டுகிறாள்.

"அறுத்துப் போட்ட வயித்துக்குத்தேன் வைத்தியம்," என்றாள். "முண்டச்சிக்கு என்னடி வைத்தியம்? சாகுற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். நீ சிரிச்சுக்கிட்டு இரு."

தங்கப்பொண்ணு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாத்திரைக் குப்பி விபூதி மாடத்தில் இருந்தது. ஆவணியில் ஒருநாள் வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இருளாயி அதிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். என்னதான் செய்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். மறுநாளும் எடுத்தாள். பத்தாம் நாள் மத்தியானம் மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளும்போதுதான் உறைத்தது: காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தீ ஏறவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். காற்று கழுத்தில் பட்டது. அது காற்றாகவே இருந்தது. அன்றைக்குப் பொழுது விழுந்து பாயில் தலை சாய்த்தவள், கோழி கூவித்தான் எழுந்தாள்.

குப்பியில் குறைந்தால் தெரிந்துவிடும். சுகாதார நிலையத்தில் எந்த நோவு என்று போனாலும் ஒரு கை வெள்ளை மாத்திரை அள்ளித் தருவார்கள். அதே பருமன், அதே நிறம். மூட்டு வலி என்று போய் வாங்கி வந்தாள். குப்பியில் இருந்ததைத் தன் சுருக்குப்பைக்கு மாற்றிக்கொண்டு, சுருக்குப்பையில் இருந்ததைக் குப்பிக்கு மாற்றினாள்.

சுவரில் தங்கப்பொண்ணு நாள் தவறாமல் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் அவளுக்குத் தூக்கம் போனது. நாலாவது வாரம் தீ திரும்பி வந்தது. ஐப்பசி மழையில் ஊரே குளிரில் கிடந்தபோது, அவள் கொட்டுகிற மழையில் போய் முற்றத்தில் நின்றாள். ஏணியில் நின்றவள் தலைசுற்றிக் கீழே விழுந்து தோள்பட்டை பிசகியது. ஒன்றுமில்லாததற்கு அழுதாள். சோற்றுப்பானையைத் தூக்கி எறிந்தாள். எறிந்துவிட்டு, சிதறிய சோற்றை அள்ளிக்கொண்டே, "நான் வேணும்னு செய்யல, எனக்கே தெரியல," என்று கண்ணுச்சாமியிடம் கெஞ்சினாள்.

டாக்டரம்மா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார். சாமி சத்தியமாகப் போடுகிறேன் என்றாள். அளவைக் கூட்டினார். நாளுக்கு இரண்டு என்று புதுக்குப்பி வந்தது. இருளாயியின் சுருக்குப்பை நிறைந்தது. அவளும் நாளுக்கு இரண்டு போட்டுக்கொண்டாள்; உடம்பு இன்னும் லேசாக இருந்தது. மூன்றாம் தடவை போனபோது, இது எங்கள் கையில் இல்லை, மனநோய் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அன்னைக்கே கோடாங்கி சொன்னான்," என்றாள் இருளாயி. "நீதேன் கொழையைப் புடுங்கி எறிஞ்ச. அது ஒளிஞ்சிருந்து இப்பத் திரும்பி வந்திருக்கு."

ஆறு மாசத்தில் கண்ணுச்சாமியின் முடி பாதி வெளுத்திருந்தது. ஒருநாள் கொடிக்காலில் தங்கப்பொண்ணு ஒரு வரிசைக் கொடியைக் கட்டோடு பிடுங்கிப் போட்டாள். எதற்கு என்று கேட்டபோது, "நெருப்பா இருக்கு," என்றாள். அன்றைக்கு முதல்தடவையாக அவளை அடித்தான். அடித்துவிட்டு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதான். இருளாயி தூரத்தில் மாட்டோடு நின்று பார்த்தாள். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனதும் இரண்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

தையில் தங்கப்பொண்ணின் அண்ணன் நல்லகாமன் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்தான். கொஞ்சநாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும், எங்கள் பக்கம் ஒரு பூசாரி இருக்கிறான் என்றான். துணிப்பையை இருளாயிதான் கட்டிக் கொடுத்தாள். இரண்டு சேலை, ஒரு சீப்பு, குப்பி.

"நாள் தவறாமப் போட்டுக்கத்தா," என்றாள்.

"சரி மதினி," என்று தங்கப்பொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுகளுக்கு ரெண்டு வேளையும் சோறு போட்டுருங்க. கேக்கமாட்டாக. நீங்களே போட்டுருங்க."

போன குப்பியில் இருந்ததும் சுகாதார நிலையத்து மாத்திரைதான். சுருக்குப்பையில் இன்னும் மூன்று மாசத்துக்கு இருந்தது.

இருளாயி மறுபடி கொடிக்காலுக்குள் போனாள். ஐம்பது வயசை எட்டப்போகிறவள் முகத்தில் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. "என்னக்கா, வரவரக் கொமரியாகுற," என்றாள் அழகம்மாள். இருளாயிக்கு அது பிடித்திருந்தது. தம்பிக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தான்.

பங்குனியில் ஒருநாள் காலை சேலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. எங்கேயோ முள் கிழித்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் மறுபடி. மூன்று வருஷமாக மறந்திருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். கொடிக்காலுக்குப் போகாமல் இருந்தால் ஏன் என்று கேள்வி வரும். போனாள். வெற்றிலைக்கு ஆகாது என்று தெரிந்தே, கொடியைத் தொடும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு போனாள். மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். நாலு நாளில் தீ வந்தது. ரத்தமும் கூடவே வந்தது. பயந்து மறுபடி போட்டாள்.

அன்றைக்கு நாலாவது வரிசையில் ஏணிமேல் நின்றிருந்தாள். கால் வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்ப்பதற்குள் ஏணிப்படியில் சொட்டி, கீழே அடுக்கிவைத்திருந்த கவுளிகள் மேல் விழுந்தது. அழகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வெற்றிலை மேல் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"யக்கா," என்றாள் மெதுவாக. "ஒனக்கா?"

இருளாயி ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானக் கஞ்சி குடிப்பதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தாலி இல்லாதவளுக்கு என்ன ரத்தம்? கலைத்திருக்கிறாள். யாரோடது? வெளியே எதற்குத் தேடவேண்டும், வீட்டில் ஒரு ஆம்பளை இருக்கிறான். பொண்டாட்டியை ஏன் பைத்தியம் என்று விரட்டினார்கள், இப்போது தெரிகிறதா? அழகம்மாள் இதைத் தானாகச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் இல்லை என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் கண்ணுச்சாமி உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். கொடிக்காலுக்குச் சொந்தக்காரர் சோழவந்தானிலிருந்து ஆளனுப்பி, இனிமேல் யாரும் உள்ளே கால் வைக்கவேண்டாம் என்றார். ஐப்பசியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்த கொடிகள் அந்த வாரம்தான் மஞ்சளாகத் தொடங்கின. அது போதாதா ஊருக்கு.

ரத்தம் நிற்கவில்லை. கண்ணுச்சாமி அவளை மதுரைக்குக் கொண்டுபோனான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே டாக்டர்தான்.

டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்தார். திரைக்குக் கீழே கண்ணுச்சாமியின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. இருளாயி அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"யாராவது எதையாவது உள்ளே விட்டுக் கலைச்சாங்களா? மறைக்காம சொல்லு."

சொல்லாவிட்டால் அவள் நடத்தை கெட்டவள், தம்பியும் அவளோடு சேர்ந்து நாறுவான். சொன்னால் திருடி, திருடியைவிடக் கேடானவள். கொஞ்ச நேரம் அந்தப் பாதங்களைப் பார்த்தாள்.

"மாத்திரை தின்னேன்மா."

"என்ன மாத்திரை?"

"நீங்க குடுத்ததுதேன்."

"நான் உனக்கு எப்பக் குடுத்தேன்?"

"எனக்குக் குடுக்கல."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "அப்போ அவ என்ன சாப்பிட்டா?"

"சுகாதார நெலையத்து மாத்திரை. மூட்டு வலிக்குக் குடுப்பாகளே, அது."

பாதங்கள் அசையவில்லை.

"சத்தியம் பண்ணினா அந்தப் பொண்ணு," என்றார் டாக்டரம்மா. "நான் நம்பலை. பைத்தியம்னு நானே சீட்டு எழுதிக் குடுத்தேன்." பிறகு இருளாயியின் முகத்துக்கு நேரே குனிந்தார். "அது அவ உடம்புக்குன்னு அளந்த மருந்து. கர்ப்பப்பை இருக்கிறவளுக்கு அதை மட்டும் தனியாக் குடுத்தா உள்ளே சதை தடிச்சுக்கிட்டே போகும். நீ இங்க வந்து கேட்டிருந்தா உனக்கு வேண்டியதை உனக்குன்னு குடுத்திருப்பேனே. ஏன் கேக்கலை?"

இருளாயி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"கேக்கத் தெரியலம்மா."

திரைக்குக் கீழே பார்த்தபோது பாதங்கள் இல்லை. கண்ணுச்சாமி ஆஸ்பத்திரியை விட்டு, உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தான்.

தங்கப்பொண்ணு அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் இருந்தாள். தலையை மழித்திருந்தார்கள். பூசாரி கதிரறுவாளைக் காய்ச்சி நெற்றியிலும் இரண்டு உள்ளங்காலிலும் சூடு போட்டிருந்தான். உள்ளங்காலில் புண் ஆறாததால் கண்ணுச்சாமி அவளை பஸ் ரோடு வரைக்கும் முதுகில் தூக்கி வந்தான் என்று ஊரில் சொன்னார்கள். வழியில் அவன் எல்லாவற்றையும் சொன்னானாம். அவள் ஒன்றும் கேட்கவில்லையாம்.

பழைய அளவுக்குத் திரும்ப இரண்டு மாசம் ஆனது. ஒரு நாள் ஒன்று, மறுநாள் அரை. எரிச்சல் அடங்கியது, தூக்கம் வந்தது, மழித்த தலையில் விரற்கடை முடி வளர்ந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. அதற்கு டாக்டரம்மாவிடம் அளவு இல்லை. நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் சூட்டுத் தழும்பு இருந்தது. அதன்மேல் அவள் பொட்டு வைப்பதில்லை.

இருளாயிக்குச் சதையைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இப்படியே விட்டால் புற்றாகிவிடும் என்று கர்ப்பப்பையையும் முட்டைப்பைகளையும் எடுத்தார்கள். கண்ணுச்சாமி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நின்றான். அதன்பிறகு அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, விரட்டவும் இல்லை. ஊரில் கலைத்த கதையும் போகவில்லை. மாத்திரைக் கதை அதன்மேல் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். இருளாயிக்கு முன்பிருந்த தீ ஒன்றுமில்லை என்கிற மாதிரி புதுத்தீ வந்தது. டாக்டரம்மா அவளுக்கென்று தனியாக அளவு பார்த்தார். இரண்டு நாள் அரை, மூன்றாம் நாள் இல்லை. அது சரியாக நின்றது.

இரண்டு குப்பியும் தங்கப்பொண்ணின் முந்தானை முடிச்சில்தான் இருந்தன. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவள் வந்து நிற்பாள். "வாயத் தொறங்க," என்பாள். அரை மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டாளா என்று நாக்கைத் தூக்கச்சொல்லிப் பார்ப்பாள். நாளெல்லாம் அந்த வீட்டில் இருளாயியிடம் சொல்லப்படுகிற பேச்சு அது ஒன்றுதான். மதினி என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

கொடிக்கால் போனபிறகு மூன்று பேருமே கூலிக்குத்தான் போனார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் அழகம்மாள் நடவு வேலைக்கு அவர்களைக் கூப்பிட வந்தாள். தங்கப்பொண்ணு முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றாள்.

"ஏத்தா, இம்புட்டுச் செஞ்சவளுக்கு நீ மாத்திரை வேற குடுக்கியா? நானா இருந்தா வாயில மண்ணள்ளிப் போட்டிருப்பேன். எரிஞ்சு சாகட்டும்னு விட்டிருப்பேன்."

தங்கப்பொண்ணு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அரைத்துண்டு ஒன்றைப் பொறுக்கினாள்.

"செத்துட்டா எப்புடி?" என்றாள். "இருக்கணும்ல. நல்லாத் தூங்கி, நல்லாச் சாப்புட்டு, புத்தி தெளிவா, ரொம்ப நாளைக்கு இருக்கணும்."

இருளாயிக்கு அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் இல்லை. விடிய விடியத் தூங்கியிருந்தாள். ஈசானத்திலிருந்து அடித்த காற்று கழுத்துக்கு இதமாக இருந்தது. அவளால் எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்க முடிந்தது.

"வாயத் தொறங்க," என்றாள் தங்கப்பொண்ணு.

அவள் திறந்தாள்.